ஒரு நொடியில் 18 ஆயிரத்தில் ஒரு பங்கு!
பழைய கார் என்ஜினுக்கு "டைமிங்" வைக்கும் வித்தை

இப்படி ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள்.

சேலத்தில் இருந்து ஏற்காடு மலைக்கு ஒரு பழைய அம்பாசடர் கார் ஏறுகிறது. முன்னால் டிரைவர். பக்கத்தில் குடும்பத் தலைவர். பின்னால் அவர் மனைவி, மாமியார், மூன்று குழந்தைகள். மடியில் புளியோதரைத் தூக்கு.

சமவெளியில் கார் நன்றாகத்தான் வந்தது. மலை தொடங்கியதும் ஒரு சத்தம்.

"டிங்... டிங்... டிங்... டிங்..."

ஒரு டப்பாவில் சின்னச் சின்ன ஆணிகளைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம்.

"என்னங்க, என்னமோ சத்தம் கேக்குதே?" என்கிறார் மனைவி.

"ஒண்ணுமில்லே. மலை ஏறுதில்லே, அப்படித்தான் இருக்கும்" என்கிறார் கணவர்.

டிரைவர் பேசவில்லை. ஆனால் அவர் முகம் மாறிவிட்டது. ஆக்சிலேட்டரை மெல்லத் தளர்த்துகிறார். சத்தம் நிற்கிறது. வேகமும் போய்விடுகிறது. மறுபடி மிதிக்கிறார். மறுபடி "டிங்... டிங்..."

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். இன்னும் நான்காவது வளைவுகூட வரவில்லை.

"அய்யா, வண்டியைத் திருப்பிடலாம்" என்கிறார் டிரைவர். "டைமிங் முன்னால போயிருக்கு. இப்படியே ஏத்தினா பிஸ்டன் போயிடும்."

குழந்தைகளுக்கு ஏமாற்றம். ஆனால் டிரைவர் சொன்னது சரியான பேச்சு. அந்தச் சத்தத்தோடு 20 வளைவுகளையும் ஏறினால், என்ஜினுக்குள் அலுமினிய பிஸ்டனின் தலையில் ஓட்டையே விழுந்துவிடலாம்!

டைமிங் என்றால் என்ன? அது எப்படி முன்னால் போகும்? அதைத் திரும்பச் சரியான இடத்தில் வைப்பது எப்படி?

பொறி பறக்கும் நேரம்

பெட்ரோல் என்ஜினுக்குள் நடப்பது நான்கே வேலைகள்.

பிஸ்டன் கீழே இறங்குகிறது. காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்து உள்ளே வருகின்றன. பிஸ்டன் மேலே ஏறுகிறது. அந்தக் கலவை நசுங்குகிறது. அப்போது பிளக்கில் ஒரு மின்சாரப் பொறி பறக்கிறது. கலவை பற்றி எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. மறுபடி பிஸ்டன் மேலே வரும்போது புகை வெளியே போகிறது.

1876-ம் ஆண்டில் ஜெர்மனியில் நிக்கொலாஸ் ஓட்டோ என்பவர் இந்த முறையில் ஓடும் என்ஜினைச் செய்துகாட்டினார். இன்றைய பெட்ரோல் கார்களும் இதே முறையில்தான் ஓடுகின்றன.

பொறி எப்போது பறக்க வேண்டும்?

பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் பறக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அது தவறு! பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பறக்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. மதியம் 12 மணிக்கு இலை போட வேண்டும் என்றால், 12 மணிக்கா அடுப்பு மூட்டுவார்கள்? உலை கொதித்து அரிசி வேக நேரம் வேண்டாமா? அதேபோல, பொறி பறந்த உடனே கலவை முழுவதும் எரிந்துவிடுவது இல்லை. பிளக்கின் முனையில் பற்றிய தீ, கலவை முழுவதும் பரவ வேண்டும். அதற்கு ஏறத்தாழ ஒரு நொடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு நேரம் ஆகிறது.

இது என்ன பெரிய நேரம் என்று கேட்கலாம். என்ஜினுக்கு இது பெரிய நேரம்தான்.

நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும் என்ஜினை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு 360 டிகிரி. அப்படியானால் நொடிக்கு 18 ஆயிரம் டிகிரி! ஒரு டிகிரி திரும்ப ஆகும் நேரம், ஒரு நொடியில் 18 ஆயிரத்தில் ஒரு பங்கு. கண் இமைப்பதற்குள் என்ஜின் பல சுற்றுச் சுற்றிவிடும்.

மெக்கானிக் டைமிங் வைக்கும்போது இத்தனை டிகிரி, அத்தனை டிகிரி என்று பேசுவது இந்தக் கணக்கைத்தான். பிஸ்டன் உச்சிக்கு வர இன்னும் எத்தனை டிகிரி இருக்கும்போது பொறி பறக்க வேண்டும்? அதுதான் டைமிங்.

ஊஞ்சல் கணக்கு

குழந்தையை ஊஞ்சலில் வைத்து ஆட்டியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

ஊஞ்சல் பின்னால் வந்து, நின்று, முன்னால் திரும்பும் நேரத்தில் தள்ளினால் ஊஞ்சல் நன்றாகப் போகும். அது இன்னும் நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும்போதே தள்ளினால்? கையில் இடிக்கும். குழந்தையும் குலுங்கும். ஊஞ்சல் போன பிறகு தள்ளினால்? கை காற்றில்தான் போகும்.

பொறி அளவுக்கு மீறி முன்னால் பறந்தால், மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனின் தலையில் அடி விழுகிறது. இதை "அட்வான்ஸ் ஆகிவிட்டது" என்பார்கள். பொறி தாமதமாகப் பறந்தால், இறங்கி ஓடும் பிஸ்டனின் பின்னால் தீ துரத்திக்கொண்டு போகிறது. இதை "ரிடார்ட் ஆகிவிட்டது" என்பார்கள்.

ரிடார்ட் ஆன வண்டி சத்தம் போடாது. அதனாலேயே பலர் அதைக் கவனிப்பது இல்லை. ஆனால் வண்டியில் இழுவை இருக்காது. பெட்ரோல் குடிக்கும். தீ சிலிண்டருக்குள் எரிந்து முடியாமல் சைலன்சர் குழாய் வழியாக வெளியே போகும். குழாய் காய்ந்து சிவக்கும். ரேடியேட்டர் கொதிக்கும். புகை போகும் வால்வு நாளடைவில் கருகிப்போகும். "வண்டிக்கு வயசாகிவிட்டது, இழுக்கவில்லை" என்று விற்கப்பட்ட பழைய கார்களில் சிலவற்றுக்கு நோய் வயது அல்ல, டைமிங்தான்!

மலையில் கேட்ட சத்தம்

அட்வான்ஸ் ஆன வண்டியின் "டிங்... டிங்..." சத்தம் எங்கே இருந்து வருகிறது?

பிஸ்டன் எதிலோ முட்டுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

பிளக்கில் பற்றிய தீ வரிசையாகப் பரவிக்கொண்டு வருகிறது. தூரத்து மூலையில் இன்னும் எரியாத கலவை இருக்கிறது. பிஸ்டனும் நசுக்குகிறது. பரவி வரும் தீயும் நசுக்குகிறது. சூடு தாங்காமல், தீ வந்து சேருவதற்கு முன்பே அந்த மூலைக் கலவை தானாக, ஒரே நேரத்தில் வெடித்துவிடுகிறது! அந்த வெடிப்பின் அதிர்ச்சி சிலிண்டர் சுவரில் மோதுகிறது. அதுதான் சுத்தியலால் தட்டுவது போன்ற சத்தம். மெக்கானிக்குகள் "நாக்கிங்" என்று சொல்வது இதைத்தான்.

மலை ஏறும்போதுதான் இது அதிகம் கேட்கும். காரணம், அப்போது ஆக்சிலேட்டர் முழுவதும் மிதிபட்டிருக்கும். சிலிண்டருக்குள் கலவை நிறைய வரும். என்ஜினோ மெதுவாகச் சுற்றும்.

இந்தச் சத்தத்தை ஒழிப்பதற்காக அமெரிக்காவில் ஒரு கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்தில் வருடக்கணக்கில் பாடுபட்டார்கள். 1921-ம் ஆண்டு தாமஸ் மிட்ஜ்லி என்பவர், ஈயம் கலந்த ஒரு திரவத்தைப் பெட்ரோலில் துளி கலந்தால் சத்தம் நிற்கும் என்று கண்டுபிடித்தார். சத்தம் நின்றது. ஆனால் காரின் புகையோடு ஈய விஷம் உலகம் முழுவதும் பரவியது! இந்தியாவில் 2000-ம் ஆண்டில் ஈயப் பெட்ரோல் நிறுத்தப்பட்டது. கடைசியாக 2021-ம் ஆண்டில் அல்ஜீரியா நாட்டிலும் விற்பனை நின்றது.

கையை முறித்த ஹேண்டில்

டைமிங் தவறினால் கெடுவது என்ஜின் மட்டும் அல்ல. ஒரு காலத்தில் மனிதர்களின் கையே முறிந்தது.

அந்தக் காலத்துக் கார்களில் "செல்ஃப்" கிடையாது. முன்னால் ஒரு இரும்பு ஹேண்டிலைச் செருகிக் கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். 1908 முதல் 1927 வரை அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி செய்த "மாடல் டி" கார் புகழ் பெற்றது. ஒன்றரைக் கோடி கார்கள்! அந்தக் காரில் ஸ்டியரிங்குக்குக் கீழே இரண்டு பக்கமும் இரண்டு கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். வலது கம்பி பெட்ரோலுக்கு. இடது கம்பி டைமிங்குக்கு!

ஆம், அந்தக் காலத்தில் டைமிங்கைக் கூட்டுவதும் குறைப்பதும் டிரைவரின் வேலை. ஹேண்டில் போடும் முன்பு கம்பியைத் தள்ளி டைமிங்கைத் தாமதமாக்க வேண்டும். கார் ஓடத் தொடங்கிய பிறகு முன்னால் கொண்டுவர வேண்டும்.

மறந்துவிட்டால்?

கையால் மெதுவாகச் சுற்றும்போது, பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே பொறி பறக்கும். வெடிப்பின் வேகத்தில் என்ஜின் எதிர்ப்பக்கம் திரும்பும். ஹேண்டில் குதிரை உதைப்பது போல உதைக்கும். மணிக்கட்டு முறியும். மணிக்கட்டு எலும்பின் ஒருவகை முறிவுக்கு ஆங்கில வைத்திய நூல்களில் "கார் டிரைவரின் முறிவு" என்றே பெயர் வந்துவிட்டது. அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது.

காடிலாக் கார் கம்பெனியின் தலைவர் ஹென்றி லேலண்டின் நண்பர் ஒருவர், இப்படி ஹேண்டில் அடித்த காயத்தால் இறந்துபோனார் என்ற செய்தி அமெரிக்க மோட்டார் சரித்திரத்தில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. ஹேண்டிலே இல்லாத கார் வேண்டும் என்று லேலண்ட் முடிவு செய்தார்.

அதைச் செய்து கொடுத்தவர் சார்லஸ் கெட்டரிங். ஒஹையோ மாகாணத்தில் ஒரு விவசாயியின் மகன். கண்பார்வை சரியில்லாமல் படிப்பை நிறுத்தி நிறுத்திப் படித்தவர். பள்ளிக்கூட வாத்தியாராகவும் இருந்தவர். 1912-ம் ஆண்டுக் காடிலாக் காரில் அவர் செய்த மின்சார "செல்ஃப்" வந்தது.

அதற்கு முன்பே அவர் இன்னொன்றும் செய்திருந்தார். பேட்டரி, காயில், பாயிண்ட் இவற்றை வைத்துப் பொறி உண்டாக்கும் முறை! 1910-ம் ஆண்டுக் காடிலாக்கில் அது வந்தது. நம் ஊர் அம்பாசடர் வரைக்கும் அந்த முறைதான் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது.

12 வோல்ட் 20 ஆயிரமாகிறது!

பழைய பெட்ரோல் அம்பாசடரின் பானட்டைத் திறந்தால், என்ஜினின் பக்கத்தில் கறுப்பு மூடி போட்ட ஒரு கிண்ணம் தெரியும். அதில் இருந்து ஐந்து தடித்த ஒயர்கள் கிளம்பும். அதுதான் டிஸ்ட்ரிபியூட்டர். நடு ஒயர் காயிலுக்குப் போகிறது. மற்ற நான்கும் நான்கு பிளக்குகளுக்கு.

மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு ரோட்டர். அதன் அடியில் நான்கு மூலை உள்ள ஒரு தண்டு. பக்கத்தில் இரண்டு சிறிய உலோகப் புள்ளிகள், ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு. அவைதான் பாயிண்ட்.

பாயிண்ட் தொட்டுக்கொண்டிருக்கும்போது பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் காயிலில் ஓடுகிறது. தண்டின் மூலை வந்து பாயிண்டைத் தள்ளிப் பிரிக்கிறது. மின்சாரம் சட்டென்று அறுபடுகிறது. அந்த அதிர்ச்சியில் காயிலுக்குள் இருக்கும் இன்னொரு சுற்றில் 15 ஆயிரம், 20 ஆயிரம் வோல்ட் எழும்புகிறது! அது ரோட்டர் வழியாக, அந்த நேரத்தில் எந்தச் சிலிண்டரின் முறையோ அந்தப் பிளக்குக்குப் போய்ப் பொறியாகப் பறக்கிறது.

பாயிண்ட் பிரியும் கணம்தான் பொறி பறக்கும் கணம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் டைமிங் வேலை பாதி புரிந்தது போல.

நான்கு சிலிண்டர் என்ஜின் 3,000 சுற்றில் ஓடும்போது, நொடிக்கு 100 தடவை பாயிண்ட் பிரிந்து சேருகிறது. சேலத்தில் இருந்து சென்னைக்கு வருவதற்குள் எத்தனை லட்சம் தடவை ஆகும், கணக்குப் போட்டுப் பாருங்கள்! அதனால்தான் பாயிண்ட் தேய்கிறது, கருகுகிறது.

டிரைவர் கையில் இருந்த டைமிங் கம்பி என்ன ஆயிற்று? அது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போய்விட்டது. அடியில் இரண்டு சிறிய எடைக் குண்டுகள் ஸ்பிரிங்கில் கட்டப்பட்டிருக்கின்றன. என்ஜின் வேகமாகச் சுற்றினால் குண்டுகள் வெளியே விரிந்து டைமிங்கை முன்னால் தள்ளும். வேகம் குறைந்தால் ஸ்பிரிங் இழுத்துப் பின்னால் கொண்டுவரும். கார்புரேட்டரில் இருந்து வரும் மெல்லிய குழாய் ஒன்றும் இதில் உதவி செய்கிறது.

இந்தப் பாகங்கள் முதலில் வெளிநாட்டில் இருந்து வந்தன. 1961-ல் சென்னையில் லூகாஸ் டி.வி.எஸ். கம்பெனி தொடங்கப்பட்டது. பாடியில் உள்ள அதன் தொழிற்சாலையில் மோட்டார் வண்டிகளுக்கான மின்சாரப் பாகங்களைச் செய்தார்கள்.

மெக்கானிக் வேலையைத் தொடங்குகிறார்

இனி அந்தக் குடும்பத்தின் வண்டிக்கு வருவோம். மலையில் இருந்து இறங்கி, அடிவாரத்தில் ஒரு ஷெட்டில் நிற்கிறது. மாமியார் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். புளியோதரை அங்கேயே காலி!

நல்ல மெக்கானிக் வந்ததும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருக மாட்டார். முதலில் பாயிண்டைத்தான் பார்ப்பார். இதில்தான் கற்றவருக்கும் கற்றுக்குட்டிக்கும் வித்தியாசம் தெரியும்.

காரணம், பாயிண்டின் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். இடைவெளி அதிகமானால் பாயிண்ட் சீக்கிரம் பிரியும். டைமிங் முன்னால் போகும். பாயிண்டைத் தள்ளும் கட்டை தேய்ந்து இடைவெளி குறைந்தால், தாமதமாகப் பிரியும். டைமிங் பின்னால் போகும். டைமிங்கை முதலில் வைத்துவிட்டுப் பாயிண்டைப் பிறகு சரிசெய்தால், செய்த வேலை வீண்!

பாயிண்ட் முழுவதும் பிரிந்து நிற்கும் நிலையில் இடைவெளி 14 முதல் 16 தௌ இருக்க வேண்டும். தௌ என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மில்லிமீட்டரில் சொன்னால் 0.35 முதல் 0.40 வரை. ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்க்க வேண்டும். தகடு லேசாக உரசிப் போக வேண்டும். கேஜ் இல்லாத இடத்தில் விசிட்டிங் கார்டு அட்டையை நுழைத்துப் பார்த்துச் சமாளிப்பவர்களும் உண்டு. வீடு போய்ச் சேர அது போதும். வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது.

பாயிண்ட் கருகிப் பள்ளம் விழுந்திருந்தால் மாற்றிவிடுவது நல்லது. அடிக்கடி கருகினால் கண்டென்சரைச் சந்தேகப்பட வேண்டும்.

விரல் சொல்லும் சேதி

அடுத்து, முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். ரேடியேட்டரை ஒட்டி முன்னால் இருப்பதுதான் முதல் சிலிண்டர்.

பிஸ்டன் உச்சிக்கு இரண்டு தடவை வரும். ஒரு தடவை கலவையை நசுக்கிக்கொண்டு. இன்னொரு தடவை புகையைத் தள்ளிக்கொண்டு. நமக்கு வேண்டியது நசுக்கிக்கொண்டு வரும் தடவை. இரண்டாவதை எடுத்துக்கொண்டால் எல்லாம் தலைகீழ்!

எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையைக் கட்டை விரலால் அடைக்க வேண்டும். சாவி அணைந்திருக்க வேண்டும். இன்னொருவர் ஹேண்டிலை மெதுவாகச் சுற்ற வேண்டும். ஹேண்டில் இல்லாவிட்டால், டாப் கியரில் போட்டுக் காரை மெல்ல முன்னால் தள்ளினாலும் போதும். காற்று விரலை "புஸ்" என்று தள்ளிக்கொண்டு வெளியே வரும். அதுதான் நசுக்கும் தடவை.

இப்போது என்ஜினின் முன்னால் உள்ள புல்லியைப் பார்க்க வேண்டும். அதன் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். அழுக்கும் கிரீசும் மூடியிருந்தால் துடைத்துவிட்டுச் சாக்கட்டியால் தடவினால் பளிச்சென்று தெரியும். பக்கத்து மூடியில் முள் போன்ற குறிகள் இருக்கும். நீளமான முள் உச்சியைக் காட்டும். மற்றவை உச்சிக்கு முந்தைய டிகிரிகளைக் காட்டும். வண்டியின் புத்தகத்தில் எத்தனை டிகிரி என்று போட்டிருக்கிறதோ, அந்த இடத்துக்கு வெட்டைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கொஞ்சம் தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் திருப்பக் கூடாது. நன்றாகப் பின்னால் கொண்டுபோய், மறுபடி முன்னால் வந்து நிறுத்த வேண்டும். உள்ளே செயினில் உள்ள தளர்ச்சி கணக்கைக் கெடுத்துவிடும்.

டிஸ்ட்ரிபியூட்டரில் ரோட்டர் இப்போது முதல் பிளக்கின் ஒயரை நோக்கி நிற்க வேண்டும்.

பல்பு பேசுகிறது!

இனிமேல் வருவதுதான் வேடிக்கை.

12 வோல்ட் பல்பு ஒன்று. இரண்டு ஒயர். இவ்வளவுதான் கருவி! ஒரு ஒயரை, காயிலில் இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் மெல்லிய ஒயரின் முனையில் மாட்ட வேண்டும். மற்றதை என்ஜினின் இரும்பில் தொடுத்துவிட வேண்டும். சாவியைப் போட வேண்டும்.

பாயிண்ட் தொட்டுக்கொண்டிருந்தால் மின்சாரம் அந்த வழியாகவே போய்விடும். பல்பு எரியாது. பாயிண்ட் பிரிந்ததும் மின்சாரத்துக்கு வேறு வழி இல்லை. பல்பு வழியாகப் போகும். பல்பு எரியும்!

அதாவது, பொறி பறக்கும் அந்தக் கணத்தை, கண்ணால் பார்க்க முடியாத அந்தக் கணத்தை, பல்பு காட்டிக்கொடுக்கிறது.

டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்தைப் பிடித்திருக்கும் போல்ட்டைச் சற்றுத் தளர்த்த வேண்டும். ரோட்டர் சுற்றும் பக்கமாகக் கிண்ணத்தைத் திருப்ப வேண்டும். பல்பு அணையும். பிறகு எதிர்ப்பக்கமாக, மிக மெதுவாக, மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். பல்பு "பளிச்" என்று எரியும் இடத்தில் கை நிற்க வேண்டும். அங்கேயே போல்ட்டை முடுக்க வேண்டும்.

அம்பாசடரின் பழைய 1,489 சி.சி. என்ஜினில் ரோட்டர் இடப்பக்கமாக, அதாவது கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும். எனவே கிண்ணத்தைக் கடிகார முள் போகும் பக்கம் திருப்பினால் டைமிங் முன்னால் போகும்.

ஒரு விஷயம். டிஸ்ட்ரிபியூட்டர் என்ஜினின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. எனவே கிண்ணத்தை ஒரு டிகிரி திருப்பினால் என்ஜின் கணக்கில் இரண்டு டிகிரி! "கொஞ்சம்தானே திருப்பினேன்" என்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். போல்ட் சரியாக முடுக்கப்படாமல், வண்டியின் ஆட்டத்தில் கிண்ணம் தானாகத் திரும்பிவிடுவதும் உண்டு. மலையில் அந்தக் குடும்பத்துக்கு நடந்ததும் அதுதான்.

ஒயர்களைக் கழற்றினால் முதலிலேயே அடையாளம் செய்துகொள்ள வேண்டும். பொறி 1, 3, 4, 2 என்ற வரிசையில் பறக்க வேண்டும். இரண்டு ஒயர் இடம் மாறினால் கார்புரேட்டர் தும்மும். சைலன்சர் வெடி போடும். தெருவே எட்டிப் பார்க்கும்!

சில பட்டறைகளில் "ஸ்ட்ரோப்" விளக்கு வைத்திருப்பார்கள். முதல் பிளக்கில் பொறி பறக்கும்போதெல்லாம் அந்த விளக்கு மின்னும். ஓடும் புல்லியின் மேல் அடித்தால், வேகமாகச் சுற்றும் வெட்டு அப்படியே அசையாமல் நிற்பது போலத் தெரியும். என்ஜின் ஓடும்போதே டைமிங்கைப் பார்த்துவிடலாம். அப்போது கார்புரேட்டரில் இருந்து வரும் மெல்லிய குழாயைக் கழற்றி அடைத்து வைக்க வேண்டும்.

சேலைத் தலைப்பு, வேட்டி ஜாக்கிரதை!

ஓடும் என்ஜினில் இந்த வேலை செய்யும்போது விசிறி கண்ணுக்குத் தெரியாது. சேலைத் தலைப்பு, வேட்டி நுனி, தோளில் போட்ட துண்டு எதுவும் பானட்டுக்குள் தொங்கக் கூடாது. குழந்தைகளைப் பக்கத்தில் விடக் கூடாது. ஓடும்போது தடித்த ஒயர்களைத் தொடக் கூடாது. பிளக் ஒயரின் 20 ஆயிரம் வோல்ட் ஆளைத் தூக்கிப்போடும். கை உதறி விசிறியில் மாட்டினால் விரலே போய்விடும்.

கதவை மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓட விடவே கூடாது. கார் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு விஷ வாயுவுக்கு மணம் கிடையாது. மயக்கம் வருவதே தெரியாமல் உயிர் போய்விடும்.

ஹேண்டில் போடுகிறவர்கள் கியர் நியூட்ரலில் இருக்கிறதா, கை பிரேக் போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டை விரலையும் மற்ற விரல்களையும் ஹேண்டிலின் ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும். விரலால் சுற்றி இறுக்கிப் பிடித்தால், உதைக்கும்போது ஹேண்டில் கையை விடாது. கீழே இருந்து மேலே இழுக்க வேண்டும். மேலே இருந்து கீழே அமுக்கவே கூடாது.

காதுதான் கடைசி நீதிபதி

பல்பு வைத்துப் பார்த்தாயிற்று. வேலை முடிந்ததா? இல்லை.

புத்தகத்தில் போட்டிருக்கும் டிகிரி அந்தக் காலத்துப் பெட்ரோலுக்குச் சொன்னது. இன்றைய பெட்ரோல் வேறு. என்ஜினும் புதிதாக இருந்தபோது இருந்தது போல இல்லை. எனவே ரோட்டில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

என்ஜின் நன்றாகச் சூடேறட்டும். டாப் கியரில், சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் சமதரையில் போகும்போது ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக மிதிக்க வேண்டும். லேசாக "டிங்... டிங்..." என்று கேட்டு, வேகம் ஏறியதும் உடனே மறைந்துவிட்டால் டைமிங் சரி. சத்தம் மறையாமல் தொடர்ந்தால் முன்னால் இருக்கிறது. சத்தமே இல்லை, வண்டி சோம்பேறித்தனமாக ஏறுகிறது என்றால் பின்னால் இருக்கிறது.

அப்போது டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள சிறிய திருகைத் திருப்ப வேண்டும். அதன் பக்கத்தில் "ஏ", "ஆர்" என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். "ஏ" பக்கம் அட்வான்ஸ். "ஆர்" பக்கம் ரிடார்ட். கொஞ்சம் திருப்பி, மறுபடி ஓட்டிப் பார்த்து, மறுபடி திருப்பி... பொறுமை இல்லாதவர்களுக்கு இது சரிப்படாது.

இதில் அனுபவம் பேசும். எத்தனையோ மெக்கானிக்குகள் பல்பும் இல்லாமல், முள்ளும் பார்க்காமல், ஓடும் என்ஜினில் கிண்ணத்தைத் திருப்பிக் காதாலேயே டைமிங் வைத்திருக்கிறார்கள். என்ஜின் கூவும், தணியும். நடுவில் ஓர் இடத்தில் நிறுத்துவார்கள். திறமைதான், சந்தேகம் இல்லை. ஆனால் நின்ற இடத்தில் ஓடும் என்ஜினுக்குச் சுமை கிடையாது. சும்மா நிற்கும்போது கேட்க இனிமையாக இருக்கும் இடம், பெரும்பாலும் மலைக்கு முன்னால் போன இடமாகத்தான் இருக்கும். காது நல்ல சாட்சி. ரோட்டுக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

டீசல் அம்பாசடர் வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் தேட வேண்டாம். டீசல் என்ஜினில் பிளக்குப் பொறியே கிடையாது. 1992-க்குப் பிறகு வந்த இசுசு என்ஜின் வைத்த அம்பாசடர்களுக்கும் அளவுகள் வேறு. அம்பாசடர் உற்பத்தியே 2014-ம் ஆண்டு மே மாதத்தில் கல்கத்தா அருகே உத்தர்பாராவில் நின்றுபோயிற்று. இன்றைய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டரே இல்லை. ஒரு சிறிய கம்ப்யூட்டர் ஒவ்வொரு பொறிக்கும் கணக்குப் போடுகிறது. நாக்கிங் சத்தத்தைக் கேட்பதற்கு என்ஜினிலேயே ஒரு "காது" பொருத்தியிருக்கிறார்கள். சத்தம் தொடங்கியதும் அதுவே டைமிங்கைப் பின்னால் இழுத்துவிடுகிறது. டிரைவருக்குத் தெரிவதே இல்லை.

அந்தக் குடும்பத்தின் வண்டி, மாலை 4 மணிக்கு மறுபடி மலை ஏறியது. இரண்டாவது வளைவில் ஒரே ஒரு தடவை "டிங்" என்றது. பிறகு பேசவில்லை. கிளம்பும் முன்பு மெக்கானிக் ஒரு காரியம் செய்திருந்தார். டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்துக்கும் என்ஜினுக்கும் சேர்த்து வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு போட்டார்.

"அடுத்த தடவை சத்தம் வந்தா பானட்டைத் தொறந்து பாருங்கய்யா" என்றார். "கோடு ஒண்ணா இருந்தா வேற எதையாவது தேடுங்க. கோடு ரெண்டா பிரிஞ்சிருந்தா, திருப்பி ஒண்ணா வச்சு போல்ட்டை முடுக்கிடுங்க. என்னைத் தேடி வரவேண்டாம்."